கல்லூரி மலருக்கு நீ கேட்ட நான்கு பக்கம்

என் மூத்த மகனுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். நலமில்லாதது என் வயிறு ஒன்றுதான், அதுவும் உன் கடிதம் வந்த நாளிலிருந்து. நம் கல்லூரியின் இருபதாம் ஆண்டு விழாவுக்கு நீ காரியதரிசி ஆகியிருப்பதாக எழுதியிருந்தாய். கூடவே மூன்று காரியம் கேட்டிருந்தாய். ஒன்று, விழா மலருக்கு ‘கல்லூரி கடந்து வந்த மைல்கற்கள்’ என்று நான் நான்கு பக்கம் எழுதித் தர வேண்டும், ஆரம்பக் கமிட்டியில் இன்னும் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால். இரண்டு, விழாவுக்கு வருகிற பெரிய மனிதர் குற்றாலத்தில் குளிக்க நல்லெண்ணெயும் தேய்த்துவிட நாலு ஆட்களும் அனுப்ப வேண்டும். மூன்று, அவர் குளித்து முடிக்கும் வரை ஜனங்கள் அருவிக்குள் வராமல் குறுக்கே பிடிக்க நம் கடையிலிருந்து தேங்காய்நார் வடம் இரண்டு கட்டு வேண்டும். ‘சென்ற முறை கொடுத்தது இற்றுவிட்டது, இந்த முறை கனமானதாகப் பார்த்துக் கொடுக்கவும்.’ இந்த வரியோடு கடிதத்தை மடித்தேன். கையில் வைத்திருந்த காபியைக் கொல்லையில் ஊற்றிவிட்டு வந்தேன். உன் அம்மா என்ன என்று கேட்டாள். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஒங்க பிள்ளைதான, ஒங்களப் போலத்தான் இருப்பான்” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எண்ணெய் வராது. ஆட்கள் வரமாட்டார்கள். வடம் கிடையாது. நீ கேட்ட நான்கு பக்கம் மட்டும் இதோ. கட்டுரையாக எழுத எனக்குப் படிப்பு இல்லை, உனக்குச் சொல்வதுபோலத்தான் எழுத வரும். நெஞ்சில் தைரியமிருந்தால் ஓர் எழுத்தை மாற்றாமல் மலரில் அச்சடி. தென்காசியில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் எல்லாம் படிக்கட்டும்.

முதல் மைல்கல், அஸ்திவாரக் கல். அதை நட்ட கதையை ஒவ்வொரு ஆண்டு அறிக்கையிலும் நீங்கள் அச்சடிக்கிறீர்கள். தயாளர்கள் சிலர் கூடி, கல்வி வெளிச்சம் இந்த மலையடிவாரத்துக்கும் வரவேண்டுமென்று தீர்மானித்தார்களாம். கூடியது உண்மை. பண்ணையார் வீட்டு முன்கூடத்தில் ஏழெட்டுப் பேர் நாற்காலியில் இருந்தார்கள். நான் நாற்காலியில் இல்லை, நிலைப்படிக்கு வெளியே நின்றேன். அப்போது எனக்குச் செக்கு மூன்று ஓடிக்கொண்டிருந்தது, பஜாரில் கடையும் போட்டாயிற்று. இருபது வயதில் எண்ணெய் டின்னைத் தலையில் சுமந்து குற்றாலம் ரோட்டில் நடந்தவன் என்பதை அவர்கள் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. கல்லூரிக்கு நன்கொடை வாங்க என்னைக் கூப்பிடுவார்கள், உட்காரச் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு சிக்கல். கல்லை நட ஜில்லாவின் பெரிய வெள்ளைக்கார அதிகாரி வரவேண்டும். அவர் வந்தால்தான் சர்க்கார் அனுமதி நகரும். அவரோ பிடி கொடுக்கவில்லை.

“சித்திர வெயில்ல தென்காசிக்கு எதுக்கு வருதாரு? மலைக்குல்லா போயிருதாரு” என்றார் வக்கீல்.

நான் வெளியில் நின்றபடியே சொன்னேன்: “சாரல் விழட்டும் அண்ணாச்சி. குத்தாலத்துல குளிக்க வாங்கன்னு கூப்பிடுங்க. போற வழியில ஒரு கல்ல நட்டுட்டுப் போகட்டும்.”

பண்ணையார் தொடையில் தட்டிச் சிரித்தார். “எண்ணெய்க்காரன் மூளையப் பாத்தீரா வே!”

“சீசன்ல ஜனம் மொய்க்குமே. தொர எங்கன குளிக்க?” என்று வக்கீல் கேட்டார்.

“ஒரு மணி நேரம் தள்ளி நிக்கச் சொன்னா யாருக்கு என்ன நட்டம்?” என்றேன்.

இதை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. கல்லூரியின் வரலாற்றை எழுதச் சொன்னாய் அல்லவா, முதல் வரி இதுதான். அதிகாரி வந்தார், குளித்தார். போலீஸ்காரர் இருவர் ஜனங்களை ஒதுக்கினார்கள். மத்தியானம் தாண்டிக் கல் நட வந்தார். சுண்ணாம்புக் கலவை விரலில் பட்டதும் கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு துணி தேடினார். மற்றவர்கள் சுதாரிப்பதற்குள் நான் ஓடிப்போய் என் தோளில் கிடந்த புது அங்கவஸ்திரத்தைக் கொடுத்தேன். துடைத்துவிட்டுக் கீழே போட்டார். நான் அதைக் குனிந்து எடுத்தேன். எடுத்து என்ன செய்தேன் தெரியுமா? அந்தச் சுண்ணாம்புக் கறையோடு தோளில் போட்டுக்கொண்டு பஜார் முழுக்க நடந்து கடைக்கு வந்தேன், பார்க்கிறவர்கள் கேட்கட்டும் என்று. கேட்டார்கள். அடுத்த வாரம் கமிட்டியில் எனக்கு நாற்காலி கிடைத்தது. எண்ணெய்க்காரன் அண்ணாச்சி ஆனேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் தோளை நானே தேய்த்துக் கழுவத் தோன்றுகிறது.

அதிலிருந்து கல்லூரியின் விழா எல்லாம் சாரலோடு ஒட்டிக்கொண்டது. வேறு ஊர்களில் ரிசல்ட் வந்ததும் விழா வைப்பார்கள். நம் கல்லூரியில் அருவியில் தண்ணீர் வந்ததும் வைப்பார்கள். இண்டர்மீடியட்டில் நம் கல்லூரிப் பையன்கள் முதன்முதலாகத் தேறிய வருஷம் மழை பிந்திவிட்டது. பாறை வெள்ளையாகத் தெரிந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை. மேடையில் வைத்துக் கொடுக்க வேண்டிய சான்றிதழ்கள் எல்லாம் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. பிரின்சிபால் நல்ல மனிதர், மேற்கேயிருந்து வந்தவர், கறாரானவர். கமிட்டியில் எழுந்து நின்று சொன்னார்: “ரிசல்ட் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. பையன்கள் வேலைக்கு மனுப் போடணும். காகிதத்தைக் கையில கொடுத்துட்டா என்ன?”

பண்ணையார் சிரிக்காமல் பதில் சொன்னார்: “அருவியில தண்ணி வரலியே சார்.”

இதைக் கேட்டு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் விசேஷம். நியாயமான பதிலாகத் தோன்றியது. பிரின்சிபாலுக்கு மட்டும் முகம் சுருங்கிற்று. அவர் மூன்று ஏழைப் பையன்களைக் கூப்பிட்டு, யாருக்கும் சொல்லாமல் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதில் இரண்டு பேருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. அலமாரியில் காகிதம் கிடந்த நாலைந்து பேருக்குக் கிடைக்கவில்லை. கமிட்டியை அவமதித்தார் என்று அந்தப் பிரின்சிபாலை அனுப்பிவிட்டோம். அனுப்ப வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது பண்ணையாரின் கை எவ்வளவு உயரம் போகிறதென்று பார்த்து, அதே உயரத்துக்கு நானும் தூக்கினேன். உங்கள் மலரில் முன்னாள் பிரின்சிபால்கள் படம் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். அவர் படம் உங்களிடம் இருக்காது. அவர் போனதற்கு மறுநாள் சுவரிலிருந்து கழற்றினார்கள். கழற்றியவன் கூப்பிட்டு நாற்காலியைப் பிடிக்கச் சொன்னான், நான் பிடித்தேன்.

இனி நீயும் இருந்த கதைக்கு வருகிறேன். நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

பி.ஏ. வகுப்பு வந்து முதல் ஒன்பது பேர் பட்டம் பெற்ற வருஷம். பட்டம் என்னவோ சென்னையில் யூனிவர்சிட்டி கொடுப்பதுதான். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் தபாலில் வரும். ஆனாலும் நம் கல்லூரிக்கு நாமே ஒரு பட்டமளிப்பு நாள் நடத்தியாக வேண்டும் என்று வக்கீலுக்கு ஆசை. அங்கி வேண்டும் என்றார். பஜாரில் மலிவான கறுப்புத் துணி வாங்கித் தைத்தோம். அவருக்கு இன்னொரு யோசனையும் வந்தது. அருவியில் ஜனங்களை ஒதுக்கப் போலீஸ்காரர் எதற்கு, அங்கி போட்ட பட்டதாரிகளே இருபுறமும் வடம் பிடித்து நின்றால் விருந்தினருக்கு மரியாதையாக இருக்கும், போட்டோவும் நன்றாக விழும் என்றார். ஆள் போதாமல் கீழ்வகுப்புப் பிள்ளைகளிலும் சிலரைச் சேர்த்தார்கள். நீ முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். அண்ணாச்சி மகன் என்று உன்னையும் நிறுத்தினார்கள். நீ பூரித்துப்போய் வீட்டில் வந்து சொன்னாய், உன் அம்மா திருஷ்டி கழித்தாள். வடம் நான் கொடுத்தேன்.

அந்த ஒன்பது பேரில் முதலாவதாகத் தேறியவன் சங்கரன். பக்கத்துக் குத்துக்கல்வலசை ஊர்க்காரன், தகப்பன் இல்லை. தாய் கூலி நெல் குற்றிப் படிக்கவைத்தாள். அவனுக்கு ஓர் அண்ணன், முப்பது வயது, சித்தம் கலங்கியவன். உனக்குத் தெரியும், அப்படிப்பட்டவர்களைப் பேரருவியில் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விடாமல் தலைகாட்ட வைத்தால் தெளியும் என்று நம் பக்கத்தில் நம்பிக்கை. தெளிகிறதோ இல்லையோ, தலையில் அந்தத் தண்ணீர் அறைந்தால் உறக்கம் வருகிறது, அதை நானே பார்த்திருக்கிறேன். ஒருநாள் தவறினால் கணக்கு அற்றுப்போகும், மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தாய் மகனைச் சத்திரத்து வாசலில் வைத்துக்கொண்டு நாற்பது நாள் முடித்திருந்தாள். சீசனுக்கு அருவியடியில் நாம் போடும் எண்ணெய்ப் பந்தலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்கள். ஆரம்பத்தில் அவனை இடுப்பில் துணி கட்டித்தான் இழுத்து வருவாள். நாற்பதாவது நாள் அவன் தானே நடந்து வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

நாற்பத்தோராம் நாள், பட்டமளிப்பு நாள்.

நான் வடத்துக்கு உட்புறம் நின்றேன், அந்த வருஷம் விருந்தாளியாக வந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு. சாரல் விடாமல் விழுந்தது. பட்டதாரிகளின் அங்கியிலிருந்து சாயம் வடிந்து வேட்டியெல்லாம் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. வெளியே ஜனம் நனைந்துகொண்டு நின்றது. அந்தத் தாய் மகன் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வடத்தடிக்கு வந்தாள். வடத்தைப் பிடித்திருந்தவன் சங்கரன்.

“ஏலே சங்கரா, அண்ணனுக்கு இன்னைக்கு நாப்பத்தொண்ணுலா. ஒரே ஒரு தடவ தலையக் காட்டிட்டுக் கூட்டிட்டுப் போயிருதேன்” என்றாள்.

சங்கரன் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வக்கீல் குடையோடு நின்றார். “யாருடே அது?” என்று கேட்டார்.

“தெரியல சார்” என்றான் சங்கரன். பிறகு தாயைப் பார்த்து, “ஆச்சி, அங்கன தள்ளி நில்லுங்க. இப்போ ஆகாது” என்றான்.

அண்ணன்காரன் மட்டும் சிரித்தான். எட்டி அங்கியின் கையைத் தொட்டுப் பார்த்தான். விரலில் கறுப்பு ஒட்டியது. “யம்மா, தம்பி சாயம் போவுதான்” என்றான். வக்கீல் குடைக்காம்பால் அவன் கையைத் தட்டிவிட்டார். ஓங்கி அடிக்கவில்லை, மாட்டை விலக்குவதுபோல ஒரு தட்டு. அவன் அலறிக்கொண்டு பின்வாங்கியதில் இரண்டு பேர் பாறையில் விழுந்தார்கள். அந்த நேரம் அருவியில் யார் குளித்துக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரி குளித்து முடித்துத் துவட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரில் நின்றது அவருடைய நாய். அது வெளியே வந்து உடம்பைச் சிலிர்த்தபோது தண்ணீர் தெறித்து நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். சங்கரனிடமிருந்து மூன்றாவதாக நின்ற நீயும் சிரித்தாய். உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. நீ சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன், கிண்ணம் கையில் அசையாமல்.

என்னால் அன்றைக்குச் செய்திருக்க முடியும். அது என் வடம். “அந்தப் பிள்ளைய விடுங்கடே” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. நாற்காலி போய்விடும் என்ற பயம்கூட இல்லை, அப்போது நான் பழைய ஆள்தான். எண்ணெய் சிந்திவிடக் கூடாது என்று கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் கெட்டுப்போவது பெரிய காரியத்தில் இல்லையடா. இந்த மாதிரி ஒரு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான்.

பிற்பகல் பந்தலில் சங்கரனுக்குத் தங்க மெடல் குத்தினார்கள். அவனைப் பெற்றவர் வந்திருக்கிறாரா என்று அதிகாரி மரியாதைக்குக் கேட்டார். ஊரில் இல்லை என்று சங்கரன் இங்கிலீஷில் சொன்னானாம்.

மூன்று நாள் கழித்து ஒரு டின் நல்லெண்ணெயை வண்டியில் போட்டுக்கொண்டு சத்திரத்துக்குப் போனேன். அண்ணன்காரன் சுவர் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். அருவிச் சத்தம் கேட்டாலே, “கறுப்புச் சட்ட அடிப்பான்” என்று சுருண்டுகொள்கிறானாம். தாய் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள், ஊருக்குத் திரும்ப. டின்னை அவள் முன்னால் வைத்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எண்ணெ எதுக்கு அண்ணாச்சி? நாங் கேட்டது தண்ணியில்லா.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு அவள் மகனைக் குற்றாலத்துக்குக் கூட்டி வரவில்லை. வீட்டுத் தூணில் கட்டிப் போட்டிருந்தாள், அவன் சாகிற வரைக்கும். உங்கள் அழைப்பிதழில், கல்லூரிக்குப் பெருமை சேர்த்த பழைய மாணவர் என்று வடக்கே பெரிய உத்தியோகத்தில் இருக்கும் சங்கரன் பெயரை முதலில் போட்டிருக்கிறீர்கள். வேலை மிகுதியால் வர இயலவில்லை என்று அவன் எழுதிவிட்டதாகவும், எத்தனை தடவை கூப்பிட்டாலும் இதே பதிலென்றும் சலித்துக்கொண்டாய். இப்போது காரணம் உனக்குத் தெரியும். அவனை நாம்தான் அப்படி நிற்க வைத்தோம். பட்டம் கொடுத்த நாளிலேயே பெற்றவளைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொடுத்த கல்லூரி, இருபது வருஷமாக வேறு எதைக் கற்றுக்கொடுத்தாலும் எனக்கு அக்கறையில்லை.

இதற்கப்புறம் நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நீ நம்பக் கூடாது. பத்தாம் ஆண்டு விழா, புது மண்டபத் திறப்பு, ஹாஸ்டல் திறப்பு என்று எத்தனையோ வந்தது. ஒவ்வொன்றுக்கும் எண்ணெயும் வடமும் நம் கடையிலிருந்துதான் போயிற்று. வரவர விருந்தினர் மட்டும் என்பது போய், கமிட்டிக்காரர்கள் வீட்டுப் பெண்டு பிள்ளைகள், அவர்கள் சம்பந்திகள், சம்பந்தியின் விருந்தாளிகள் என்று அந்த ஒரு மணி நேரம் மூன்று மணி ஆயிற்று. உன் கல்யாணத்துக்கு வந்தவர்களும் அப்படித்தான் குளித்தார்கள். எனக்கு உறுத்தியதெல்லாம் எங்கேயோ அடியில் கிடந்தது. அதை மேலே கொண்டுவர என் தோளில் ஒரு கை விழ வேண்டியிருந்தது.

போன வருஷம் கல்லூரி நாளன்று முழங்கால் வலிக்கு யாரிடமும் சொல்லாமல் தனியாகக் குற்றாலம் போனேன். அன்றைக்கு விழா என்பதே நினைவில்லை. இடுப்பில் ஒரு துண்டு, மேலே எண்ணெய், அவ்வளவுதான். அருவிப் பக்கம் போனதும் ஒரு பையன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். “யோவ் பெருசு, கண்ணு தெரியலயா? அங்கன போய் நில்லு!” கால் வழுக்கிப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கிழவி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அதற்குள் கமிட்டிக்காரன் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டான். “ஐயோ அண்ணாச்சி, நீங்களா! சொல்லப்படாதா? ஏலே, வடத்தத் தூக்குங்கலே!” என்று கத்தினான். தள்ளிய பையனே வடத்தைத் தூக்கிப் பிடித்தான்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? குனிந்து உள்ளே போனேன். பழக்கம். போய் நின்று குளித்தேன். தண்ணீர் தலையில் விழ, அதன் வழியாக வெளியே பார்த்தேன். என்னைத் தூக்கிவிட்ட கிழவி வடத்துக்கு அப்பால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. இவனும் இப்படிப்பட்டவன்தானா என்று தெரிந்துகொண்ட முகம். தள்ளியபோது எனக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். வடத்தைத் தூக்கி என்னை உள்ளே விட்டபோதுதான் அருவருப்பு வந்தது. அது இன்னும் போகவில்லை. அன்று வீட்டுக்கு வந்து மறுபடி கிணற்றில் குளித்தேன்.

போன மாதம் நீ வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது இதை உன்னிடம் பாதி சொன்னேன். நீ மோரை ஊற்றிக்கொண்டே, “ஒரு மணி நேரம் தள்ளி நிக்கதுல யாருக்கு என்னப்பா நட்டம்?” என்றாய். கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்துவிட்டேன். அந்த வார்த்தையை உனக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நிலம் நீச்சுபோல அதுவும் தானாக உனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொன்றும் சொன்னாய்: “அப்போ வந்தது வெள்ளக்காரன். இப்போ வருதவரு நம்ம ஆளு, கதர் உடுத்துதவரு, ஜெயிலுக்குப் போனவரு.” சரி, அவர் ஜெயிலுக்குப் போனது இதற்காகவா? வெள்ளைக்காரன் குளித்த இடத்தில், அவனுக்காக நாம் பிடித்த கயிற்றுக்குள்ளே, நாமும் ஒரு நாள் குளிக்க வேண்டும் என்றா? அவருக்கு இந்த விஷயம் தெரியாமலும் இருக்கலாம். பெரிய மனிதர்கள் பாதிக் கெடுதல் செய்வது நம்மைப் போன்றவர்களின் அதிக மரியாதையால்தான். அவரிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். நானும் அந்த அதிகாரியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அவர் நாயோடு ஓரமாக நின்று குளித்துவிட்டுப் போயிருப்பார்.

நீயும் இப்போது வக்கீல். அனுமதி வாங்கியிருக்கிறோம், சட்டத்தில் இடமிருக்கிறது என்பாய். நான் வியாபாரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு சரக்கு அழுகியிருந்தால் அழுகியிருக்கிறது, மேல் சாக்கை மாற்றினால் நாற்றம் போகாது. நாற்காலிக்காக ஆசைப்படாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆசைப்படு. ஆனால் அது கிடைப்பதற்காக எவனை எழுந்து நிற்கவைக்கிறாய் என்று ஒரு தடவை திரும்பிப் பார். நான் பார்க்காமல் இருபது வருஷம் உட்கார்ந்துவிட்டேன்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. அலமாரியில் இந்த வருஷமும் சான்றிதழ்கள் பூட்டிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். அவற்றை நாளைக்கே தபாலில் அனுப்பு. விழாவைக் கல்லூரி மண்டபத்தில் வை. முன்வரிசை நாற்காலிகளில் பெற்றவர்களை உட்காரவை, கமிட்டிக்காரர்கள் நிற்கட்டும், காலுக்கு நல்லது. வருகிறவர் குற்றாலத்தில் குளிக்க ஆசைப்பட்டால் தாராளமாகக் குளிக்கட்டும், எல்லோரோடும் வரிசையில் நின்று. அப்படி நின்றால் அவருக்கு என் கையாலேயே எண்ணெய் தேய்த்துவிடுகிறேன், இந்த வயதில் எனக்கு அதில் ஒரு குறைவும் இல்லை. வேறு கடையில் எண்ணெயும் ஆளும் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கெல்லாம் மூத்தவன் பிச்சையிடம் நேற்றுப் பேசினேன். “நாங்க ஒருத்தனும் வரமாட்டோம் மொதலாளி. மத்தவனுக்கு எண்ணெ தேச்சாத்தான் வழுக்கும், கமிட்டிக்காரனுவளுக்குத் தேய்க்காமலே வழுக்குது” என்றான். என்னையும் சேர்த்துத்தான் சொன்னான். முகத்துக்கு நேரே சொன்னான்.

இவ்வளவு எழுதியும் நீ கேட்காமல் போகலாம். என் பிள்ளை, உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். அதனால் நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆடியிலும் சத்திரத்தில் மண்டலக் குளியலுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தேன். விழா நாளன்று விடியற்காலையிலேயே அவர்களோடு நான் பேரருவிக்கு வந்துவிடுவேன். எல்லோருக்கும் முன்னால், தண்ணீர் விழுகிற இடத்தில் நிற்பேன். கடைசி ஆள் தலைகாட்டிவிட்டு வெளியேறும் வரை நகர மாட்டேன். வடத்தோடு வருகிற பிள்ளைகள் சொன்னால் விலகுகிற கிழவன் இல்லை நான், தள்ளித்தான் ஆகவேண்டும். அந்த வேலைக்கு வேறு எவன் பெற்ற பிள்ளையையும் அனுப்பாதே. நீயே வா.

உன் அப்பா.